கேசட்டின் கடைசி நாலு நிமிஷம்

ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுவேன்: ஃபஹ்மிதா டீச்சர் எதையும் ஒரு தடவைதான் சொல்வாள், காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று. மேலப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. அடிக்கவெல்லாம் மாட்டேன். மறுபடி கேட்டால் ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான்.

வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் என் வீட்டுக்காரர் மதாரிடம் நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு காரியத்தை மறுபடி கேட்கவில்லை. அவர் சவூதியில் தம்மாமில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். தொண்ணூற்றி நாலாம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த சமயம், ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பினேன். போதும், ஊருக்கு வந்துருங்க, இருக்கிறதை வைத்து இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று. அதற்கு அவர் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினார்.

எங்கள் தெருவில் கேசட்டுக் கடிதம் எல்லா வீட்டிலும் உண்டு. சவூதியிலிருந்து யாராவது விடுமுறைக்கு வந்தால், திரும்பிப் போகும்போது அவர் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு ஏழெட்டுக் கேசட்டுகளும் போகும். எங்கள் வீட்டில் கேசட் பதிகிற அன்று ஒரு முறை உண்டு. முதலில் என் மாமியார் மஹ்மூதா பீவி பேசுவார். தெருவில் யார் மௌத்தானது, யார் வீட்டில் கல்யாணம், எந்தச் சுவரில் விரிசல் என்று எல்லாம் ஒப்பிப்பார். அப்புறம் கொழுந்தன், நாத்தனார். அப்புறம் என் மகள் மைதீன் பாத்திமா ஒரு சூரா ஓதுவாள். எல்லாரும் கலைந்து போன பிறகு நாடாவில் மிச்சம் இருப்பது எனக்கு. பெரும்பாலும் நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்தை நான் நடு வீட்டில் உட்கார்ந்து பேச முடியுமா? மாமியின் காது சாதாரணக் காது இல்லை. அடுத்த வீட்டில் முட்டை உடைத்தால் ஒன்றா இரண்டா என்று சொல்லிவிடுவார். அதனால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அரிசி டிரம் இருக்கும் உள்ளறைக்குப் போய், தலையோடு ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து, காற்றுக்குக்கூட வலிக்காமல் பேசுவேன். போர்வைக்குள் வேர்த்துக் கொட்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் மனசுவிட்டுப் பேசியது முக்கால்வாசி அந்தப் போர்வைக்குள்தான்.

கடிதத்தில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டுக் கடிதம் மாமி சொல்லச் சொல்ல நான் எழுதுவது. எழுதி முடித்ததும் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும். அதன் அடியில் என்னத்தை எழுத. அவர் அனுப்பும் கேசட்டையும் வீடே வட்டம் போட்டு உட்கார்ந்துதான் கேட்கும். எனக்கென்று அவர் எதாவது சொல்ல வேண்டுமென்றால், வருகிறவர் கையில் மடித்த துண்டுச் சீட்டு ஒன்று வரும்.

அந்தத் தடவையும் சீட்டு வந்தது. பால் பவுடர் டின்னுக்குள், பவுடருக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தங்க நிறத்தில் ஒரு வாட்ச். சீட்டில் ஒரே வரி: 'நீ கேட்டது விளங்கிச்சு, உம்மாவுக்குத் தெரியவேண்டாம்.' அன்றைக்கு முழுக்க அரிசி டிரம் மேல் உட்கார்ந்து அழுதேன். வாருங்கள் என்று கூப்பிட்ட மனுஷிக்கு வாட்ச் கொடுத்து வாயை அடைக்கிறாரே என்று. அதை ஒரு நாள்கூட நான் கட்டவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் ஓடி ஓடித் தானே நின்றுபோனது.

தொண்ணூற்றாறு ஜூலையில் விடுமுறைக்கு வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு மாசம். ஆகஸ்ட் இருபத்தி நாலாம் தேதி திரும்பிப் போக டிக்கெட். ஒரு தடவை கேட்டாயிற்று, அவருக்கு இஷ்டமில்லை, இனி நானாகக் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் அவர் வாசலில் வந்து நின்றதும் வைராக்கியமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆள் கறுத்திருந்தார், மீசையில் நாலு நரை. பாத்திமாவுக்கு வெட்கம். என் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு எதையோ முணுமுணுத்தாள். அவர் குனிந்து அவள் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, 'இப்ப சொல்லுமா' என்றார். அன்றையிலிருந்து பிள்ளை எதைப் பேசினாலும் அவருக்கு நாடியைப் பிடித்தாக வேண்டும். அப்படி ஒரு பாசம் என்று தெருவே பேசிக்கொண்டது.

என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் போதும், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். முன்பெல்லாம் பேப்பரைப் பிடித்துக்கொண்டே உம் கொட்டுகிற ஆள். உப்பு போதுமா என்று கேட்டால்கூட இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. முப்பத்திரண்டு வயதில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கத் தொடங்கினேன்.

அவர் வந்த பிறகு வீடு சின்னதாகிவிட்டது. சாதாரணமாகப் பேசினாலே கூப்பாடு போடுவது மாதிரி இருக்கும். டி.வி.யைப் போட்டால் சத்தம் வைக்கிற குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிடுவார். செய்தி வாசிக்கிற அம்மாள் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீட்டுக்குச் சேர்த்து வாசித்தாள். ஃபேக்டரிச் சத்தத்தில் இருந்து இருந்து பழகிவிட்டது என்று சிரிப்பார். மாமி முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அந்த மாசம் ஏழாம் வகுப்பில் கன அளவு பாடம். அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டிய கல்லை உள்ளே இறக்கினால் தண்ணீர் மேலே ஏறும். ஏறின அளவுதான் கல்லின் கன அளவு, அது அடைத்துக்கொள்ளும் இடம், இங்கிலீஷில் வால்யூம் என்று சொல்லிக் கொடுத்தேன். யூனிஸ் என்று ஒரு பிள்ளை, துறுதுறுவென்று இருப்பாள், எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க வீட்டு டி.வி.லயும் வால்யூம்னு போட்டிருக்கு. சத்தமும் இடத்தை அடைச்சுக்கிடுமா?"

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வேறு, சத்தம் எவ்வளவு பெரிசு எவ்வளவு சிறிசு என்பதற்கும் அதே வார்த்தையைப் போட்டுவிட்டார்கள், பரீட்சையில் குழப்பி எழுதினால் மார்க் கிடையாது என்று சொன்னேன். ஆனால் மனசுக்குள், பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டது. எங்கள் வீட்டில் சத்தம் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஆள் வந்து இறங்கினதும் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விலகி ஏறி உட்கார்ந்திருந்தோம். இருபத்தி நாலாம் தேதி அவரைத் தூக்கி வெளியே எடுத்துவிட்டால் தண்ணீர் பழையபடி இறங்கிவிடும். அந்த நினைப்பு வந்ததும் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதை உறையைக் கழற்றித் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லாததால், சனிக்கிழமை தோறும் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு என்னை அனுப்பினார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். சொல்லிக்கொடுத்தது சுப்ரியா என்ற பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் இரண்டாம் தடவை கேட்டாலும் மூன்றாம் தடவை கேட்டாலும் முகம் மாறாமல் சொல்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை புது ஃபிளாப்பி ஒன்றைக் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். தட்டினேன். இந்த வால்யூமுக்குப் பெயர் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. இதென்ன, இங்கேயும் வால்யூமா என்றேன். சத்தமே போடாத இந்தத் தகட்டுக்கு எந்த வால்யூம்? சுப்ரியா சிரித்தாள். ஒரு முழு டிஸ்க்கை ஒரே கொள்கலமாக எடுத்துக்கொண்டால் அதற்கு வால்யூம் என்று பெயர், அதற்கு நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும், பதினோரு எழுத்துக்குள் என்றாள். உள்ளே அப்படி ஒரு பெயர், வெளியே ஒட்டுத்தாளில் பேனாவால் அதே பெயர், இல்லாவிட்டால் பத்து ஃபிளாப்பி சேர்ந்த பிறகு எதில் எது இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நான் யோசிக்காமல் மதார் என்று இங்கிலீஷில் ஐந்து எழுத்தைத் தட்டினேன். தட்டின பிறகுதான் முகம் சூடானது. அவள் பார்க்காத மாதிரி அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

அதற்கு முந்தின வாரமே பள்ளி நூலகத்து அகராதியில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்திருந்தேன். ஆதியில் லத்தீனில் அதற்குச் சுருள் என்று அர்த்தமாம். அந்தக் காலத்துப் புத்தகம் சுருட்டி வைக்கிற சுருள். அதனால் புத்தகத்துக்கு அந்தப் பெயர் வந்து, புத்தகத்தின் பருமனுக்கு வந்து, எல்லாப் பருமனுக்கும் வந்து, கடைசியில் சத்தத்துக்கும் வந்திருக்கிறது. தமிழில் நாம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துவிடுகிறோம். இங்கிலீஷ்காரனுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஃபிளாப்பிக்கு ஒட்டுத்தாள் தேடினேன். புதுக் கேசட்டு வாங்கினால் பெட்டிக்குள் இரண்டு ஒட்டுத்தாள் உபரியாக இருக்கும். அவர் கொண்டுவந்த தோல்பையில் கேசட்டுகள் இருப்பது தெரியும். அவர் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பையைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது புதுக் கேசட்டு இல்லை. எங்கள் வீட்டுக் கேசட்டுகள். ஒன்பது வருஷமாக நாங்கள் அனுப்பிய எல்லாம், பதினாலோ பதினைந்தோ, வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். ஒன்றிலும் வேறு எதையும் பதிந்துவிடாதபடி முதுகில் இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளையும் உடைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள். அதில் அவருடைய கோழிக்கிறுக்கல். நான் அந்தத் தொண்ணூற்றி நாலாம் வருஷத்துக் கேசட்டைத் தேடி எடுத்தேன். 'உம்மா 0. தம்பி 160. பாத்திமா 345. 412 முதல் ஃபஹ்மி, பைய' என்று எழுதியிருந்தது.

நம்பர்கள் டேப் ரெக்கார்டரில் ஓடுகிற கவுண்டர் நம்பர்கள் என்றும், பைய என்றது என் மெல்லிய குரலை என்றும் புரிந்தது. அவர் கொண்டுவந்த செட்டிலேயே போட்டு ஓட்டினேன். மாமியின் குரல் நேற்றுப் பதிந்த மாதிரி கணீரென்று இருந்தது. பாத்திமாவின் மழலை அப்படியே இருந்தது. நானூற்றிப் பன்னிரண்டு வந்ததும் ஓசை நடுங்க ஆரம்பித்தது. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து வந்தது. இன்னொரு கேசட்டைப் போட்டேன், அதிலும் நான் பேசும் இடம் மட்டும் அப்படி. மூன்றாவதிலும் அப்படித்தான்.

நான் அறிவியல் டீச்சர். எந்த இடம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடம்தான் அதிகமாக ஓடியிருக்கிறது. மனுஷன் என் நாலு நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப, நூறு தடவை இருநூறு தடவை, நாடா இளகிப்போகிற வரைக்கும் கேட்டிருக்கிறார். முதலில் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷம் சுள்ளென்று கோபம் வந்தது. போதும் வந்துருங்க என்பதை இருநூறு தடவை கேட்டுவிட்டா வாட்ச் அனுப்பினார்? ஒரு தடவை கேட்டு மறந்துவிட்டார் என்றால்கூட மன்னித்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. வாயைத் திறக்காமல் சோறு போட்டேன், வாயைத் திறக்காமல் சட்டை தேய்த்துக் கொடுத்தேன். வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். உடம்புக்கு என்ன புள்ளே என்று இரண்டு தடவை கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வாட்சை ஏன் கட்டுவதில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். கேட்டவருக்கு அதற்கும் பதில் கிடைக்கவில்லை. மனுஷர் தவித்துப் போனது எனக்குத் தெரியாமல் இல்லை. தவிக்கட்டும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து பள்ளி விடுமுறை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு வந்ததும், எல்லாரையும் பாபநாசத்துக்கு அருவி பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாக அவர் சொல்லியிருந்தார். நான் வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று மாமி குடைவார். கிளம்பினேன். அம்பாசமுத்திரம் வரைக்கும் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வயல். பாத்திமா வாப்பா மடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கொக்கு எண்ணிக்கொண்டு வந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் என்று நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அகஸ்தியர் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தள்ளி வரும்போதே இரைச்சல் காதை அடைத்தது. பக்கத்தில் போனால் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. வாய் அசைவதுதான் தெரியும். மாமி இருபது அடி தள்ளி ஒரு பாறையில் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரங்குக்குப் பயந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் பாத்திமாவைக் கைப்பிடித்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் சாரலில் நின்றோம்.

மாமி எங்களைப் பார்த்து என்னவோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்து கேட்கவில்லை. கையைக் காதில் வைத்துக் காட்டினேன். மாமி மறுபடி சொன்னார், அதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சர்வ சாதாரணமாகத் திரும்பி, தன் சாரீரத்தை முழுதாகத் திறந்து பதில் சொன்னார். "தேங்காத் துவையல் சின்ன டப்பால இருக்கும்மா. நீல மூடி போட்டது."

மாமி பையைத் துழாவி நீல மூடி டப்பாவை எடுத்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முட்டை உடைவதைக் கேட்கிற மாமிக்கே இங்கே காது செல்லாது. டி.வி. குமிழைக் கடைசிவரை திருகுகிற மனுஷனுக்கு எப்படிக் கேட்டது? அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. குரலே எடுக்காமல், தொண்டையில் ஒரு சின்னச் சத்தம்கூட வராமல், உதட்டை மட்டும் அசைத்தேன்: உங்க மீசை ஒரு பக்கம் கோணலா இருக்கு.

அவர் கை தன்னால் எழுந்து மீசையைத் தடவியது.

அடப் பாவி மனுஷா என்றிருந்தது. என் முகத்தையே பார்க்கிறார் என்று ஒரு மாசமாகப் பூரித்துப்போய்க் கண்ணாடி முன்னால் நின்றேனே. உதட்டையல்லவா படித்திருக்கிறார். பாத்திமாவின் நாடியைப் பிடித்துத் திருப்பியதும் அதற்குத்தான். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அதற்குள் இன்னொன்று புரிந்துவிட்டது. கேசட்டில் உதடு கிடையாது.

சத்தமில்லாமலே கேட்டேன்: கேசட்டில் நான் பைய பேசினதெல்லாம் உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த ஆளிடம் நான் என்ன சொன்னால் என்ன தெரியும். நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். கண் கலங்கியிருந்தது. சாரல் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அவர் தப்பிக்கவில்லை. என் காதுப் பக்கம் குனிந்து பேசினார். தன் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாத மனுஷன். அந்த இரைச்சலிலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விழுந்தது.

ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸர் அறையில் இத்தனை வருஷம். முதலில் குக்கர் விசில் போனது, அப்புறம் தூரத்துப் பள்ளிவாசல் பாங்கு போனது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், அதனால் எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை, உன் கேசட்டில்தான் தெரிந்தது என்றார். உம்மா பேசுவது கேட்கும். உன்னுடையது வந்ததும், இரண்டு காதிலும் ஹெட்ஃபோனை மாட்டி வால்யூமை முழுக்க வைத்தாலும் புஸ்ஸு புஸ்ஸென்று உன் மூச்சு மட்டும்தான் கேட்கும் என்றார்.

"ரூம்ல ஆறு பேரு இருந்தோம். என் பொண்டாட்டி ரகசியம் பேசுதா, என்ன சொல்லுதான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு எவன்கிட்ட புள்ளே போய்க் கேக்க?"

இங்கே நான் மாமிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போர்வைக்குள் குரலைக் குறைத்தேன். அங்கே அவர் அந்தக் குரலை வேறு ஒரு ஆண் காதில் போடக்கூடாது என்று தனியாக உட்கார்ந்து நாடாவைத் தேய்த்திருக்கிறார். ரகசியமாக ஒரு பெண் கேட்கிறாள் என்றால் நகையோ வாட்சோவாகத்தான் இருக்கும், உம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று பைய கேட்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அதுதான் அந்தப் பால் பவுடர் டின். செவிடன் பெண்டாட்டி என்று உன்னைச் சொல்லிவிடுவார்களே என்றுதான் சொல்லவில்லை என்றார். யாராவது சொல்லிப் பார்க்கட்டும் என்று எனக்கு அந்த இடத்திலேயே ஆத்திரம் வந்தது.

"நீ என்னதான் கேட்டே?" என்றார். "நீ ஒரு தடவையாவது வாங்கன்னு கூப்பிடுவியான்னு நானும் பாத்தேன். நீ கூப்பிடலை. நான் வாரது உனக்கு இஷ்டமில்லையோன்னு அங்கனயே கிடந்தேன்."

இரண்டு வருஷம். நான் கேட்டாயிற்று என்று இங்கே காத்திருக்க, என்னை யாரும் கேட்கவில்லையே என்று அவர் அங்கே காத்திருக்க. என் ஒரு தடவை வைராக்கியத்தை எடுத்து அந்த அருவியில் போட்டேன். சுற்றிலும் எத்தனை கூட்டம். எதிரே மாமி. பக்கத்தில் யார் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். போர்வை இல்லை, அரிசி டிரம் இல்லை. அவர் கண்ணுக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தாக, குரலே இல்லாமல் சொன்னேன்.

போதும். ஊருக்கு வந்துருங்க. இருக்கிறதை வச்சு இங்கன இருந்துக்கிடலாம். போவாதீங்க.

அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை சொன்னேன். நாலாம் தடவை பாதியில், அவருக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது, மறுபடி மறுபடி பார்க்க ஆசைப்பட்டு நிற்கிறார் என்று அந்த முகமே காட்டிக்கொடுத்தது. நான் நிறுத்தவில்லை. முழுசாகச் சொல்லி முடித்தேன்.

பிறகு அவர் வாயைத் திறந்தார். "போவல புள்ளே. உம்மா, நான் திரும்பிப் போவல. ஃபஹ்மி போவாதீங்கன்னுட்டா. நான் இங்கனதான் இருக்கப் போறேன்."

பத்து வருஷம் கம்ப்ரஸரோடு போட்டி போட்ட குரல். அருவி தோற்றுப்போனது. சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குரங்குகூட மரத்தில் ஏறியது. என் ரகசியம் அம்பாசமுத்திரம் வரைக்கும் போயிருக்கும். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது, ஆனால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எங்கேயும் போக முடியவில்லை. பாத்திமா என்ன ஏது என்று தெரியாமல் கைதட்டினாள்.

மாமி தூக்குச்சட்டியைப் பாறையிலேயே விட்டுவிட்டு வழுக்கி வழுக்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். துப்பட்டி நனைந்து, கண்ணில் நீர் வடிய, மகனைப் பார்த்துக் கத்தினார்.

"இதை நீ என்னைக்கோ செஞ்சிருக்கணும்லே. அதுக்கு ஏன்லே இந்தக் கத்து கத்துத? எனக்கென்ன காதா கேக்காது?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால், உம்மா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.